பொய்யில் பிறந்த சடங்கு, விதியில் நிற்கும் மொழி

வேல்ஸ் நாட்டில் ஒரு கவிஞருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு ஒரு நாற்காலி. கூடவே கொஞ்சம் பணமும் தருவார்கள். அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்த ஆண்டு விழாவுக்கென்றே மரவேலைக் கலைஞர் ஒருவர் புதிதாகச் செய்துதரும் நாற்காலி அது. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்க, வென்ற கவிஞரை அதில் உட்காரவைப்பார்கள். போட்டிக்கு வரும் கவிதைகள் எல்லாம் புனைபெயரில் வந்தவை. நடுவர்கள் மூவர். எந்தக் கவிதை எங்கே தளர்ந்தது, எந்த அடியில் யாப்பு பிசகியது என்று அவர்களில் ஒருவர் மேடையேறி ஒளிவுமறைவில்லாமல் சொல்லுவார். கடைசியில் வென்ற புனைபெயரை அறிவித்து, அதற்கு உரியவரை எழுந்து நிற்கச் சொல்வார்கள். எக்காளம் ஒலிக்கும். இருட்டாக்கப்பட்ட அரங்கில் ஒரு விளக்கொளி கூட்டத்தைத் துழாவும். பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கே அப்போதுதான் தெரியவரும். நாற்காலிக்குத் தகுதியான கவிதை எதுவும் வரவில்லை என்று நடுவர்கள் கருதினால் அது யாருக்கும் இல்லை. அப்படி வெறுமனே விடப்பட்ட நாற்காலிகளும் உண்டு.

விழாவின் பெயர் தேசிய ஐஸ்டெத்வோட். கவிதை, உரைநடை, நாடகம், பாட்டு, நடனம், ஓவியம், சிற்பம் என்று எல்லாவற்றுக்கும் போட்டி வைக்கும் எட்டு நாள் விழா. ஓராண்டு வடக்கே நடந்தால் மறு ஆண்டு தெற்கே. நிரந்தரக் கட்டடம் கிடையாது. ஏதோ ஓர் ஊரின் வயல்வெளியிலோ பூங்காவிலோ கூடாரங்கள் எழும், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் வந்துபோவார்கள், பிறகு எல்லாம் பிரிக்கப்படும். வேல்ஸின் மொத்த மக்கள்தொகையே 31 லட்சம்தான். அதிலும் 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 5,38,000 பேர், அதாவது 17.8 விழுக்காடு. ஆனால் ஐஸ்டெத்வோட் மேடையில் வேல்ஷ் தவிர வேறு மொழிக்கு இடமில்லை. இத்தாலிய இசைநாடகப் பாட்டைப் பாட வேண்டுமா, வேல்ஷில் பெயர்த்துப் பாட வேண்டும். மொழி தெரியாதவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். மேடை அவர்களுக்காக மொழி மாறாது.

வெளியார் படம்பிடிக்க வருவது இந்த விதியை அல்ல. வெள்ளை, நீலம், பச்சை அங்கி அணிந்த கவிஞர்களையும், தலைமை ட்ரூயிட் எனப்படும் சடங்குத் தலைவரின் மகுடத்தையும், பாதி உருவிய பெருவாளையும், சமாதானம் உண்டா என்று மும்முறை கேட்க அரங்கமே உண்டு என்று முழங்குவதையும்தான். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கண்முன் நடப்பதுபோலத் தோன்றும். அந்தப் பழமை அசல் அல்ல. குறுகிய மனப்பான்மை என்று பலர் குறைசொல்லும் மொழி விதிக்கோ வயது நூறுகூட ஆகவில்லை. விழாவை இன்றுவரை காப்பாற்றி வந்தது அந்த இளைய விதிதான் என்பது என் கருத்து. அதைச் சொல்ல முதலில் பொய்யின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826) தெற்கு வேல்ஸின் கிளமோர்கன் பகுதியைச் சேர்ந்த கல்தச்சர். இயோலோ மோர்கானுக் என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட கவிப்பெயர். பள்ளிப்படிப்பு இல்லை, ஆனால் பழைய ஏட்டுப் பிரதிகளைத் தேடி நடந்தே வேல்ஸ் முழுவதும் அலைந்தவர். மூச்சிரைப்பு நோய்க்காக அபினிக் கரைசல் குடிக்கத் தொடங்கி வாழ்நாள் முழுக்க அதை விடவில்லை. பிரெஞ்சுப் புரட்சியின் ஆதரவாளர், அடிமை வணிகத்தின் எதிரி. கவ்பிரிட்ஜ் ஊரில் கடை வைத்திருந்தபோது அடிமைகளின் உழைப்பில் விளைந்த மேற்கிந்தியச் சர்க்கரையை விற்க மறுத்து, கிழக்கிந்தியச் சர்க்கரையே தம்மிடம் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தார். இப்படிப்பட்ட மனிதர்தான் வேல்ஷ் இலக்கிய வரலாற்றின் மிகப் பெரிய போலிப் பிரதியாளர்.

1789இல் லண்டனில் வாழ்ந்த வேல்ஸ் அறிஞர்கள், 14ஆம் நூற்றாண்டுப் பெருங்கவிஞரான தாவித் அப் குவிலிமின் பாடல்களை முதன்முறையாக அச்சிட்டார்கள். புதிதாகக் கண்டெடுத்தவை என்று இயோலோ அனுப்பிய பாடல்கள் பின்னிணைப்பில் சேர்ந்தன. பலவற்றை இயற்றியவர் இயோலோவே. வேடிக்கை என்னவென்றால், நூறாண்டுக்கு மேலாக வாசகர்கள் தாவித்தின் சிறந்த பாடல்களில் சிலவாக அவற்றையே போற்றினார்கள். அடுத்து ட்ரூயிடுகளுக்கு வந்தார். ரோமானியர் வருவதற்கு முந்தைய அந்தப் பூசாரிக் கவிஞர்களின் ஞானம் கிளமோர்கன் கவிஞர்களிடம் மட்டும் அறுபடாமல் வந்திருக்கிறது, எஞ்சியிருக்கும் வாரிசுகளில் தாமும் ஒருவர் என்றார். 1792 ஜூன் மாதம், பகல் நீண்டிருக்கும் கதிர்த்திருப்ப நாளையொட்டி, லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கற்களை வட்டமாக வைத்து ‘கோர்செத்’ எனும் கவிஞர் அவையைக் கூட்டினார். உருவிய வாளை உறையில் இடும் சமாதானச் சடங்கு அங்கே பிறந்தது. போரை வெறுக்கும் குடியரசுவாதிக்கு ஏற்ற சடங்குதான். அரசும் இந்தக் கூட்டங்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. 1819இல் கார்மார்தென் நகரத்து ஐவி புஷ் விடுதியில் ஐஸ்டெத்வோட் நடந்தபோது, தம் கோர்செத்தை அதோடு இணைத்துவிட்டார். சட்டைப்பையிலிருந்து கூழாங்கற்களை எடுத்து விடுதித் தோட்டத்தில் வட்டம் அமைத்தார் என்று சொல்வார்கள். அன்றைக்கு ஒட்டியது இன்றுவரை பிரியவில்லை.

ஏன் இதைச் செய்தார் என்பதற்கு ஒரே விடை கிடையாது. அபினி ஒரு பங்கு. பழைய வேல்ஷ் மரபின் வீடு வடக்கே இருக்கிறது என்ற அன்றைய எண்ணத்தின் மேல் தெற்கத்தியரான அவருக்கு இருந்த எரிச்சல் ஒரு பங்கு. அரசும் பல்கலைக்கழகமும் தலைநகரும் இல்லாத ஒரு மக்களுக்கு நிமிர்ந்து நிற்க ஏதாவது வேண்டும் என்ற ஏக்கம் இன்னொரு பங்கு.

குட்டு உடைபட ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1890களிலேயே பாங்கர் பல்கலைக்கழகத்தின் ஜான் மோரிஸ் ஜோன்ஸ், கோர்செத்தின் பழமையெல்லாம் கட்டுக்கதை என்று எழுதினார். 1926இல் கார்டிஃப் அறிஞர் கிரிஃபித் ஜான் வில்லியம்ஸ், பின்னிணைப்புப் பாடல்கள் இயோலோவின் கைவேலை என்பதை மொழிச் சான்றுகளோடு நிறுவினார். அதோடு அவர் விட்டுவிடவில்லை. வாழ்நாளின் பெரும்பகுதியை இயோலோவின் தாள்குவியல்களிலேயே கழித்து, இந்தப் போலிப் பிரதியாளர் தம் காலத்தின் ஆழ்ந்த வேல்ஷ் இலக்கிய அறிஞர்களில் ஒருவர் என்ற முடிவுக்கும் வந்தார். அசலை அவ்வளவு நன்றாக அறியாமல் அவ்வளவு நன்றாகப் போலி செய்ய முடியாதே. தேசப்பற்றில் குறைந்தவரும் அல்ல அவர்: பின்னாளில் வேல்ஸ் தேசியக் கட்சியாக வளர்ந்த இயக்கத்தின் இரகசியக் கூட்டம் 1924இல் நடந்தது பெனார்த்தில் இருந்த இதே கிரிஃபித் ஜான் வில்லியம்ஸின் வீட்டில்தான்.

பொய் அம்பலமானதும் சடங்கு கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இருமுறை தலைமை ட்ரூயிடாக இருந்த கவிஞர் கனான், கோர்செத்துக்கும் பழங்கால ட்ரூயிடுகளுக்கும் தொடர்பில்லை, இது இயோலோவின் கண்டுபிடிப்பு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டு, சடங்கை இன்னும் அழகாக்கினார். இன்று காணும் ஒழுங்கும் நாடகத்தன்மையும் பெரும்பாலும் அவர் அமைத்தவை. அங்கிகளையும் மகுடத்தையும் 1890களில் வடிவமைத்தவர் ஹியூபர்ட் ஃபான் ஹெர்க்கோமர், பவேரியாவில் பிறந்த ஓவியர். விழா நடந்த ஊர்களில் நட்ட கோர்செத் கல்வட்டங்கள் வேல்ஸ் எங்கும் இருக்கின்றன. வரலாற்றுக்கு முந்தையவை என்று நினைத்துப் படமெடுத்துக்கொள்ளும் பயணிகளும் உண்டு. இந்த நூற்றாண்டில் செலவைக் குறைக்க, லாரியில் ஏற்றிச் செல்லக்கூடிய கண்ணாடியிழைக் கற்கள் வந்துவிட்டன. போலி ட்ரூயிடுகளுக்குப் போலிக் கற்கள் என்று கிண்டல் செய்ய இடமிருக்கிறது, வேல்ஸ்காரர்களே செய்கிறார்கள். ஆனாலும் அங்கி அணிந்து அந்த வட்டத்துக்குள் போகிறார்கள்.

விழாவே பொய் என்று இதற்குப் பொருளல்ல. அதன் வேர் கோர்செத்தைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. 1176இல் ரீஸ் அப் கிரிஃபித் என்ற சிற்றரசர் கார்டிகன் கோட்டையில் கவிஞர்களுக்கும் இசைஞர்களுக்கும் போட்டி வைத்து இரண்டு நாற்காலிகள் பரிசளித்ததை வேல்ஸின் இடைக்கால ஆண்டுக்குறிப்பு பதிவுசெய்திருக்கிறது. ஓராண்டு முன்பே பறைசாற்றி அழைத்தார்கள் என்றும் அது சொல்கிறது. 1523இலும் 1567இலும் கேர்விஸ் ஊரில் நடந்தவை தொழில் தேர்வுகள்: முறையாகப் பயின்ற கவிஞர்களுக்கு உரிமம் கொடுத்து, கவிஞர் வேடத்தில் ஊர்சுற்றும் இரவலரைப் பிரித்தெடுப்பது நோக்கம். பிறகு நிலவுடைமைக் குடும்பங்கள் லண்டன் பக்கம் திரும்பின, புரவலர்கள் போனார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஐஸ்டெத்வோட் என்பது பஞ்சாங்கத்தில் அறிவிப்புப் பார்த்து மதுக்கடையில் கூடும் சில நண்பர்களின் செய்யுள் சண்டை என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதைத் தூக்கி நிறுத்தியவர்கள் லண்டன்வாழ் வேல்ஸ் சங்கத்தாரும், அவர்கள் பின்னால் வந்த இயோலோவின் அங்கிகளும்.

தேசிய விழாவாக முதலில் 1861இல் அபர்டேரில் நடந்தது. ஆனால் அப்போது அதன் மேடையில் ஆங்கிலம் தாராளமாகப் புழங்கியது. காரணம் தேடினால் 1847க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு பிரிட்டிஷ் அரசு வேல்ஸ் கல்வி நிலையை ஆராய அனுப்பிய மூன்று ஆணையர்களுக்கும் வேல்ஷ் தெரியாது. வேல்ஷ் மொழி முன்னேற்றத்துக்கும் ஒழுக்கத்துக்கும் தடை என்று அவர்கள் எழுதினார்கள். நீல அட்டை போட்ட அந்த அறிக்கையை வேல்ஸ் மக்கள் ‘நீலப் புத்தகத் துரோகம்’ என்று இன்றும் சொல்கிறார்கள். கோபம் ஒரு பக்கம் இருக்க, வெட்கமும் ஒட்டிக்கொண்டது. 1866இல் லண்டன் ‘டைம்ஸ்’ இதழ் ஐஸ்டெத்வோட்டையே கேலிசெய்து, வேல்ஷ் மொழிதான் வேல்ஸின் சாபம் என்று தலையங்கம் தீட்டியது. நாங்களும் நாகரிகமானவர்கள்தான் என்று காட்டவேண்டிய மேடையாக விழா மாறிற்று: தலைமையுரைகள் ஆங்கிலத்தில், பாட்டுகள் ஆங்கிலத்தில், சமூக அறிவியல் சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில். வேல்ஷுக்குக் கவிதைப் போட்டி எஞ்சியது. பொதுவாழ்வின் மொழி என்ற இடத்தை இழந்து, சடங்கின் மொழி என்ற இடத்தை அது பெற்றுக்கொண்டிருந்தது. மக்கள் மறந்து ஒரு மொழி சாகும் வழி இதுதான். 1911இல் வேல்ஷ் பேசியவர்கள் 9,77,000 பேர், மக்களில் 43.5 விழுக்காடு. அடுத்த எண்பது ஆண்டில் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாயிற்று.

1937இல் விழாவின் அமைப்புச் சட்டத்தைத் திருத்தி எழுதி, வேல்ஷே அதன் ஆட்சிமொழி என்று வைத்தார்கள். இடையில் போர் வந்தது. விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1950இல், கேர்ஃபில்லியில். ஆங்கிலம் ஏற்கெனவே பரவிவிட்ட தென்கிழக்குச் சுரங்கப் பகுதி அது. விதியைத் தொடங்கிவைக்க அதைவிடக் கடினமான ஊர் கிடைத்திருக்காது.

விதியின் பயனை மேடையில் மட்டும் தேடக் கூடாது. எட்டு நாள் விழா முழுக்க ஒரே மொழியில் நடக்க வேண்டுமானால், அந்த மொழியில் ஒலிப்பொறியாளர் வேண்டும், மேடை மேலாளர் வேண்டும், இசைத் திறனாய்வாளர் வேண்டும், அறிவியல் கூடாரத்தில் விளக்கம் சொல்ல வேதியியல் படித்தவர் வேண்டும், இளைஞர்களுக்கு ராக் இசைக்குழுக்கள் வேண்டும். இருமொழி மேடையாக இருந்திருந்தால் இவற்றில் ஒன்றுக்குக்கூட அவசரம் இருந்திருக்காது. அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த மொழிக்கு ஒரு கூட்டம் மாறிக்கொள்ள ஒருவர் போதும். கூடத்தில் வேல்ஷ் தெரியாத ஒருவர் நுழைந்ததும் இருபது பேரின் பேச்சும் ஆங்கிலத்துக்குப் போய்விடும். மரியாதைதான் காரணம், வேறொன்றும் இல்லை. அந்த மரியாதையைத் தடுக்க ஒரு விதி தேவைப்பட்டது.

மொழிப் போராட்டத்தின் மற்ற முனைகளை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1962 பிப்ரவரியில் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் ஆற்றிய வானொலி உரை, இப்படியே போனால் 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேல்ஷ் உயிருள்ள மொழியாக இருக்காது என்று எச்சரித்தது. அதே ஆண்டு வேல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது, பின்னர் ஆங்கிலச் சாலைப் பலகைகளில் பச்சைச் சாயம் பூசப்பட்டது, சிறைகள் நிரம்பின. 1980இல் வேல்ஸ் தேசியக் கட்சித் தலைவர் குவின்வோர் எவன்ஸ், வேல்ஷ் தொலைக்காட்சிக்காகச் சாகும்வரை உண்ணாநோன்பு என்று அறிவித்தபின் தாட்சர் அரசு பின்வாங்கி, 1982இல் அதைத் தொடங்கியது. அந்தத் தொலைக்காட்சிக்கு முதல் நாளே நடிகர்களும் எழுத்தாளர்களும் பாடகர்களும் கிடைத்ததில், முப்பதாண்டாக வேல்ஷிலேயே நடந்துவந்த மேடைக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

விதிக்கு நிகராக விழாவைத் தாங்குவது இன்னொன்று: யாப்பு. நாற்காலிக்கான கவிதை பழைய கட்டுப்பாடான யாப்பில் இருந்தாக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டின் பெயர் கங்ஹானெத். எதுகையும் மோனையும் பழகிய நம் காதுக்கு அதன் ஒரு வகையைத் தமிழில் செய்துகாட்டினால் விளங்கும். ‘காடு மலை, கூடு மாலை’ என்று ஓர் அடி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முன்பாதியில் வரும் க, ட, ம, ல என்ற மெய்கள் அதே வரிசையில் பின்பாதியிலும் வருகின்றன. உயிர்கள் மட்டும் மாறுகின்றன. வேல்ஷில் இதோடு சொல்லழுத்தம் விழும் இடமும் பொருந்த வேண்டும். இன்னும் பல தடைகள் உண்டு. நான்கு பெருவகைகள், அவற்றுக்குள் கிளைவகைகள். நாற்காலிக் கவிதை ஒன்றின் இருநூறு அடியிலும் ஒவ்வோர் அடியும் இந்தச் சோதனையில் தேற வேண்டும். பொருளும் இருக்க வேண்டும், இன்றைய வாழ்வைப் பேச வேண்டும், செயற்கை தெரியக் கூடாது. இடைக்காலத்தில் செப்பமுற்று, 16ஆம் நூற்றாண்டுக் கேர்விஸில் உரிமத் தேர்வுக்கு வைக்கப்பட்ட கலை இது. இயோலோவின் பொய் தொடாத இடம் இதுதான். இங்கே ஒருவர் ஏமாற்ற முடியாது. மெய் ஒன்று இடம் மாறினால் அரங்கில் பாதிப்பேருக்குத் தெரிந்துவிடும்.

கோர்செத்தைக் கட்டுக்கதை என்று சாடிய அதே ஜான் மோரிஸ் ஜோன்ஸ்தான் கங்ஹானெத்தின் இலக்கணத்தை 1925இல் ஒரே நூலில் தொகுத்துக் கொடுத்தார். பொய்யை உரித்தவரே மெய்யைத் தொகுத்தார் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

யாப்பு என்றதும் பேராசிரியர்களின் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. ஹெத் வின் என்ற கவிப்பெயர் கொண்ட எல்லிஸ் எவன்ஸ், வடக்கு வேல்ஸ் த்ராவ்ஸ்வனித்தில் ஆடு மேய்த்த விவசாயி. பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். பதினான்கு வயதோடு பள்ளியை விட்டவர். ஊர் ஐஸ்டெத்வோட்களில் சிறு நாற்காலிகளை வென்று வென்று, 1916இல் தேசிய விழாவில் இரண்டாம் இடம் வரை வந்தார். 1917இல் தம்பிக்குப் பதிலாகப் படையில் சேர்ந்தார். பிரான்சில் முகாமிலிருந்தபடி ‘வீரன்’ என்ற தலைப்புக்கான கவிதையை முடித்து அனுப்பினார். ஜூலை 31 அன்று பெல்ஜியத்தின் பில்கெம் மேட்டில் குண்டடிபட்டு இறந்தார். வயது 30. செப்டம்பர் 6 அன்று, லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட்டில் விழா. பிரதமர் லாயிட் ஜார்ஜ் வந்திருந்தார். வென்ற புனைபெயரை மும்முறை அழைத்தும் யாரும் எழவில்லை. கவிஞர் இறந்த செய்தி மேடையிலேயே அறிவிக்கப்பட்டு, நாற்காலி கறுப்புத் துணியால் மூடப்பட்டது. நுணுக்கமான வேலைப்பாடு கொண்ட அந்த நாற்காலியைச் செதுக்கியவர் யூஜீன் வான்ஃப்ளெட்டரன். போருக்குத் தப்பி வந்திருந்த பெல்ஜிய அகதி. கவிஞர் பெல்ஜியத்தில் மாண்டார், பெல்ஜியத்தார் செய்த நாற்காலி அவர் வீட்டுக்குப் போயிற்று.

அந்த வீட்டின் பெயர் எர் எஸ்கூர்ன். குடும்பத்தார் பல பத்தாண்டுகள் வருவோருக்கெல்லாம் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். 2012இல் எரேரி தேசியப் பூங்கா நிர்வாகம் அதை விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, நூற்றாண்டான 2017இல் நினைவில்லமாகத் திறந்தது. 1992இல் வந்த ‘ஹெத் வின்’ திரைப்படம் ஆஸ்கரின் பிறமொழிப் படப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் வேல்ஷ் படம்.

1970களில் யாப்புக்கு மறுவாழ்வு வந்தது. மொழிப் போராட்டத்தில் வளர்ந்த தலைமுறை, புதுக்கவிதைக்குப் போகாமல் கங்ஹானெத்துக்குத் திரும்பியது. 1976இல் மரபுக் கவிஞர் சங்கம் தொடங்கியது. அதே ஆண்டு நாற்காலியில் ஒரு கூத்தும் நடந்தது: நடுவர்கள் சிறந்தது என்று கண்ட கவிதை டிக் ஜோன்ஸ் என்ற விவசாயக் கவிஞருடையது, அவர் விழாவின் இலக்கியக் குழுவில் உறுப்பினர் என்பதால் தகுதியிழந்தார், நாற்காலி ஆலன் லுவிட்டுக்குப் போயிற்று. அதே ஆலன் லுவிட் 2023இல், நாற்பத்தேழு ஆண்டு கழித்து, மீண்டும் நாற்காலியில் அமர்ந்தார். 1979 முதல் பிபிசியின் வேல்ஷ் வானொலி ஊர்க்கூடங்களில் கவிஞர் அணிகளை மோதவிடும் நிகழ்ச்சியை ஒலிபரப்பிவருகிறது. ஆசிரியர், கால்நடை மருத்துவர், பால்பண்ணைக்காரர் என்று அணியில் யாரும் இருப்பார்கள். கொடுத்த அடிக்கு அங்கேயே பதிலடி கட்டிப் புள்ளி வாங்குவார்கள்.

பெண்கள் தாமதமாகத்தான் வர முடிந்தது. புதுப்பாவுக்கான மகுடத்தை 1953இல் டிலிஸ் கட்வாலடர் வென்றார். நாற்காலிக்கு 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டென்பியில் வென்ற மெரெரிட் ஹோப்வுட் பிறகு மகுடமும் உரைநடைப் பதக்கமும் வென்றார். 2024 முதல் அவரே தலைமை ட்ரூயிட்.

இனி விதியின் மறுபக்கம். டிலன் தாமஸ் ஸ்வான்ஸியில் பிறந்தவர். பெற்றோர் இருவருக்கும் வேல்ஷ் தெரியும், மகனுக்குக் கற்றுத்தரவில்லை. 20ஆம் நூற்றாண்டில் வேல்ஸின் பெயரை உலகில் அதிகம் பேர் அறியச் செய்த அந்தக் கவிஞருக்கு இந்த மேடையில் இடம் இருந்திருக்காது. தெற்கத்திய நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் பல லட்சம் பேரின் நிலை அதுதான். சுரங்கத் தொழிலாளர்கள் போர்த்கோலில் தமக்கென ஓர் ஐஸ்டெத்வோட் நடத்தினார்கள். 1957இல் அமெரிக்க அரசு கடவுச்சீட்டைப் பறித்திருந்த கறுப்பினப் பாடகர் பால் ரோப்சன், கடலடித் தொலைபேசிக் கம்பிவழியாக நியூயார்க்கிலிருந்து அந்த அரங்குக்குப் பாடினார்; அரங்கம் அவருக்குத் திரும்பப் பாடியது. கடவுச்சீட்டு கிடைத்ததும், 1958இல் எபு வேலில் நடந்த தேசிய ஐஸ்டெத்வோட்டுக்கு நேரிலேயே வந்தார். வேல்ஸின் பண்பாடு வேல்ஷ் மொழியில் மட்டும் இருக்கிறது என்று யாராவது சொன்னால் இந்த நிகழ்ச்சிகளைச் சொல்லி மறுக்கலாம்.

2023இல் இந்தக் கேள்வி புதிய உருவில் வந்தது. சேஜ் டாட்ஸ் வேல்ஷும் ஆங்கிலமும் கலந்து பாடும் இளம் கறுப்பின ராப் பாடகர். தாவித் இவான் 1983இல் பாடிய எதிர்ப்புப் பாடல் ஒன்று, வேல்ஸ் 1958க்குப் பிறகு முதன்முறையாக உலகக் கோப்பைக்குப் போன 2022இல் கால்பந்து அணியின் பாடலானது. அதே ஆண்டு சேஜ் டாட்ஸும் அந்தப் பாடலை எடுத்து, வேல்ஸ் கால்பந்துச் சங்கத்தோடு சேர்ந்து ராப் வடிவில் தந்தார். வேல்ஷைக் காதில் வாங்காத இளைஞர்கள் பலர் அதைக் கேட்டார்கள். மறு ஆண்டு ல்லீன் தீபகற்பத்து விழாவில் அவர் பாடுவதாக இருந்தது, பாடல்களில் ஆங்கிலம் விதியின் அளவைத் தாண்டுகிறது என்றார்கள், அவர் பாடவில்லை. வேல்ஸ் இரண்டுபட்டது. மொழிக்குப் புதியவர்களைக் கூட்டிவருகிறவரையே வாசலில் நிறுத்துவதா என்றது ஒரு தரப்பு. ஆண்டில் 51 வாரம் ஆங்கிலத்துக்கு, ஒரு வாரமாவது எங்களுக்கு இல்லையா என்றது மறுதரப்பு.

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. இருந்தும் எனக்கு இரண்டாவது தரப்பே சரி என்று படுகிறது. ஒரு பாடலில் கால்பங்கு ஆங்கிலம் தவறில்லை என்றால் அரைப்பங்கு ஏன் தவறு என்று அடுத்த ஆண்டு கேள்வி வரும், அதற்குப் பதில் இருக்காது. 19ஆம் நூற்றாண்டு மேடையில் ஆங்கிலம் நுழைந்ததும் யாரும் வேல்ஷை வெறுத்ததால் அல்ல. வெட்கத்தாலும், விருந்தினருக்கு விளங்கட்டுமே என்ற நல்ல எண்ணத்தாலும்தான்.

ஆனால் விதியைக் காப்பவர்கள் இன்னொரு கணக்குக்கும் பொறுப்பு. மொழி கற்கும் வாய்ப்பே கிடைக்காதவரிடம் மொழி தெரிந்தால் வா என்று சொல்வது விதி அல்ல, பூட்டு. விழாக்குழுவுக்கு இது தெரிந்திருக்கிறது. 2018இல் கார்டிஃப் விரிகுடாவில் வேலியே இல்லாமல், நுழைவுச்சீட்டே இல்லாமல் மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். தேசியச் சட்டமன்றக் கட்டடத்திலேயே ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். கூட்டம் குவிந்தது, நஷ்டமும் வந்தது. 2024இல் பொந்திப்ரீத் நகரப் பூங்காவில், வேல்ஸின் தேசியகீதத்தை 1856இல் இயற்றிய தந்தை மகன் இருவருக்கும் நினைவுச்சின்னம் நிற்கும் இடத்திலேயே, விழா நடந்தது. சுரங்கக் காலத்தில் மொழியை இழந்த பகுதி அது. வேல்ஷ்வழிப் பள்ளிகளால் சிறுகச்சிறுக அதைத் திரும்பப் பெற்றுவரும் பகுதியும் அதுவே. வருமானம் குறைந்த உள்ளூர்க் குடும்பங்களுக்கு இலவசச் சீட்டுகள் தரப்பட்டன.

அதே 2024இல் வேல்ஸின் மற்றக் கலை நிறுவனங்கள் பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசிய அருங்காட்சியகம் 90க்கும் மேற்பட்ட பணியிடங்களைக் குறைத்தது. அதன் கார்டிஃப் கட்டடத்தின் கூரை ஒழுகியது. கலைமன்ற நிதியை இழந்த ஆங்கில நாடக நிறுவனமான தேசிய அரங்கம் மூடப்பட்டது. ஐஸ்டெத்வோட்டும் அரசுப் பணத்தை வாங்குகிறது. ஆனால் விழா வரப்போகும் வட்டாரத்தின் ஒவ்வோர் ஊரிலும் ஈராண்டு முன்பே குழு அமைத்து, கச்சேரி வைத்து, தேநீர் விற்று நிதி சேர்க்கிறார்கள். ஊர்விட்டு ஊர் அலைவது வீண் செலவு, ஓரிடத்தில் நிலைகொள்ளலாம் என்ற யோசனை பலமுறை வந்து பலமுறை தோற்றது. தங்கள் கையால் பணம் சேர்த்த விழாவை விட்டுக்கொடுக்க அந்த ஊர்களுக்கு மனம் வருவதில்லை.

2050க்குள் பத்து லட்சம் வேல்ஷ் பேசுவோர் என்பது வேல்ஸ் அரசின் இலக்கு. 2011க்கும் 2021க்கும் இடையே எண்ணிக்கை ஏறவில்லை, ஏறத்தாழ 24,000 குறைந்தது. குறைவு அதிகம் தெரிந்தது குழந்தைகளிடம். இலக்கை எட்டும் வழி விழா மேடையைத் தளர்த்துவதில் இல்லை. 1985இல் நாற்காலியை வென்ற ராபட் பவல் வேல்ஷைப் பிறகு கற்றுக்கொண்டவர்; தாய்மொழியாகப் பெறாமல் நாற்காலி வென்ற முதல் கவிஞர். 2013இல் முதல் பெண் தலைமை ட்ரூயிடான கிறிஸ்டின் ஜேம்ஸ் ரோந்தாப் பள்ளத்தாக்கில் ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்து, வேல்ஷைக் கற்றுத் தேர்ந்தவர். 2023இல் வேல்ஷ் மொழிச் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்த ஜோசெஃப் நாக்போ ஐவரி கோஸ்டிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர். மூவருக்கும் யாரும் விதியைத் தளர்த்தவில்லை. ஒரு வகுப்பறையும் ஓர் ஆசிரியரும் கிடைத்தார்கள். வேல்ஸ் அரசு விழாவுக்குத் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் பக்கத்தில் வேல்ஷ் ஆசிரியர் பயிற்சிக்கு எத்தனை பவுண்டு வைக்கிறது என்பதைத்தான் அந்த மக்கள் இனி ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.